தங்கச்சியை மச்சாளாக்கிய பட்டன்

டேனிஷ் மொழியில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஊரில் இரண்டாம் வகுப்போடு படிப்பு போதும் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் டென்மார்க்குக்கு வந்து, ஓய்வு பெறும்வரை ஒரு பாலர் பாடசாலையின் சமையலறையில் வேலை செய்தேன். என் டேனிஷ் முழுவதும் மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகளிடம் படித்தது. பெரியவர்களின் டேனிஷ் சுற்றி வளைத்துப் போகும், இடையிடையே மன்னிப்புக் கேட்கும். பிள்ளைகளின் டேனிஷ் நேரே போகும். எனக்குப் பசிக்கிறது. அது என்னுடையது. நீ ஏன் அழுகிறாய்? இதற்கு மேல் ஒரு மனுசிக்கு என்ன மொழி வேண்டிக் கிடக்கிறது?

இது இலங்கையில் சண்டை முடிந்த வருசத்துக் கதை. அந்த வைகாசிக்குப் பிறகு எங்கள் வீடுகளில் தொலைக்காட்சியைப் போடவும் பயம், நிறுத்தவும் பயம். என் ஒரே தங்கச்சி குடும்பத்தோடு முகாமில், கம்பி வேலிக்குள் இருந்தாள். உயிரோடு இருக்கிறார்கள் என்று யாரோ மூலம் போன் வந்திருந்தது. அதற்கு மேல் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கோப்பன்ஹேகனுக்குக் கிட்ட, இஷொய் என்ற ஊரில், மாடி வீட்டுக்குள் இருந்தால் சுவர் என்னைப் பார்க்கும், நான் சுவரைப் பார்ப்பேன். மகள் வேலைக்குப் போனதும் நானும் கதவைப் பூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கே சூடு இருந்தது, மெத்தை நாற்காலி இருந்தது, ஒரு தட்டு நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தைத் தாண்ட எனக்கு ஏழு நாள், முழுக் கிழமை பிடிக்கும். அவசரம் யாருக்கு?

கோடை முடிந்து காற்றுத் தொடங்கிய காலத்தில் நூலகத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. இன்டர்நெட் மாறிவிட்டதாம். இனி அது சும்மா பார்க்கிற இடம் இல்லையாம். எல்லாரும் சேர்ந்து எழுதுகிற, படம் போடுகிற, ஒருவரோடு ஒருவர் கதைக்கிற இடமாம். நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் கிழமைக்கு ஒரு புதுக் கருவியைத் தொட்டுப் பழக வேண்டும், அதுவும் வாசகர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழக வேண்டும் என்று உத்தரவு.

வாசகர் தேடி இரண்டு பேர் என் நாற்காலிக்கு வந்தார்கள். ஒருவர் நெட்டை மனிதர், ஐம்பது வயது இருக்கும், சோளப்பொத்தி மயிர் மாதிரித் தாடி. மற்றவள் அவர் தோளுக்கும் எட்டாத ஒரு பெண், கட்டை மயிர், பச்சைச் சைக்கிளில் வருவாள், அவரைவிடச் சில வயது இளமை. இரண்டு பேரும் தனி ஆட்கள் என்று எனக்கு முன்பே தெரியும். நாள் முழுக்க ஓரிடத்தில் இருந்து பார்க்கிறவளுக்கு எல்லாம் தெரியும்.

அவர்கள் கதைத்தது டேனிஷ்தான். ஆனால் என் காதுக்குள் வந்ததும் அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். அப்படியே எழுதுகிறேன்.

"எங்களோடை சேர்ந்து பழகுவியளோ?" என்று நெட்டை மனிதர் கேட்டார்.

"எனக்கு உந்தக் கொம்பியூட்டரைப் பற்றி ஒண்டும் தெரியாது."

"அதுதான் வேணும். எங்களுக்கும் ஒண்டும் தெரியாது."

என்னை வாசகர் என்று ஒருவர் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பினேன்.

முதல் வேலையாக என்னை அக்கா என்று கூப்பிடப் பழக்கினேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவது எனக்கு ஒத்துவராது. அவர்களுக்கு அக்கா என்று சொல்ல வாய் வளையவில்லை. ஆகா, ஆகா என்றார்கள். என்னைக் காணும்போதெல்லாம் ஒருவர் ஆகா என்று சொன்னால் யாருக்குக் கசக்கும்? திருத்தாமல் விட்டுவிட்டேன்.

நெட்டை மனிதருக்குக் கொம்பியூட்டர் என்றால் நடுக்கம். ஒரு விரலை நீட்டி, பாம்புப் புற்றைத் தொடுகிற மாதிரித் தொடுவார்.

"தட்டுங்கோ தம்பி. பாலர் பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் எல்லாப் பட்டனையும் தட்டித் தட்டித்தான் பழகினதுகள்."

"பிழைச்சால், ஆகா?"

"பிழைச்சால் அழுங்கோ. ஆரும் வந்து பாப்பினம்."

அவர் சிரித்துக்கொண்டு தட்டுவார். பச்சைச் சைக்கிள்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரித்தால் அவர் தட்டியதை மறந்துவிடுவார்.

ஒரு கிழமை படம் போடும் கருவி. அவர் எடுத்த படங்களை எனக்குக் காட்டினார். நூலக வாசல், சைக்கிள் நிறுத்தும் இடம், மழையில் சைக்கிள் நிறுத்தும் இடம், வெயிலில் சைக்கிள் நிறுத்தும் இடம்.

"தம்பி, இதென்ன எல்லாப் படத்திலையும் ஒரே பச்சைச் சைக்கிள்?"

அவர் தாடிக்குள்ளிருந்து நெற்றி வரை சிவந்தார். "அது அங்கை நிக்குது, அதாலை," என்றார்.

இன்னொரு கிழமை, புத்தகங்களுக்குக் குறிச்சொல் ஒட்டும் கருவி. யாரும் தனக்குத் தோன்றிய சொல்லை ஒரு புத்தகத்துக்கு ஒட்டலாம், பிறகு அந்தச் சொல்லைத் தட்டினால் புத்தகம் வந்து நிற்கும். தமிழ்ச் சமையல் புத்தகம் ஒன்றுக்கு நான் "பொய்" என்று ஒட்டினேன். அதில் சொன்ன அளவுக்கு உப்புப் போட்டால் கறியை நாய்கூட மோந்து பார்க்காது. என்ன ஒட்டினேன் என்று பச்சைச் சைக்கிள்காரி கேட்டாள். சொன்னேன். சிரித்துச் சிரித்து நாற்காலியோடு பின்னால் சறுக்கிப் போனாள். நெட்டை மனிதர் எழும்பிப் பிடித்தார். நாற்காலி நின்ற பிறகும் பிடித்த கையை எடுக்க அவருக்கு நினைவு வரவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தேன்.

அதன் பிறகு வந்ததுதான் விக்கி. ஒரு பக்கம் இருக்கும், அதில் யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். அடுத்த வீட்டு அடுப்படிக்குள் போய்க் கறிக்கு உப்புப் போடுகிற மாதிரி. எங்கள் ஆட்களுக்கு அது தானாக வரும் என்று சொன்னேன். நூலகத்தில் இருந்த தமிழ்ப் புத்தகங்களுக்குள் என்ன இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிற ஒருவருக்கும் தெரியாது. அதை வாசித்த தமிழ் ஆட்களே வந்து எழுதட்டும் என்று அந்தப் புத்தகங்களுக்கு ஒரு பக்கம் திறந்தோம். மேலே, இந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள் யார் என்று பெயர் போட வேண்டும் என்றார் நெட்டை மனிதர்.

"பேரோ? பேர் கேட்க நான் என்ன பொலிசோ? நாங்கள் முறை சொல்லித்தான் கூப்பிடுறனாங்கள்."

"அப்ப நான் என்ன முறை?"

"தம்பி."

"நான்?" என்றாள் பச்சைச் சைக்கிள்காரி.

"தங்கச்சி," என்றேன். அந்த வருசம் காலையும் மாலையும் என் வாயில் இருந்த சொல் அது.

திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக நிற்கிற ஒரு பலகை இருந்தது. எழுத்தைத் தேடித் தேடித் தட்டி நானே எழுதினேன். அக்கா, தம்பி, தங்கச்சி. ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. மூன்று சொல்லும் பிழையில்லாமல் வந்தன.

செய்தி போனில் போனது. பக்கத்து ஊரான டோஸ்ட்ருப்பில் இருந்து எழுதினார்கள், யூலண்டில் இருந்தும் எழுதினார்கள். யூலண்ட் என்பது டென்மார்க்கின் மேற்குப் பாதி, பெரும் பாலத்தைக் கடந்து போக வேண்டிய இடம், எங்கள் சனம் நிறைய இருக்கிற இடம். "இந்தப் புத்தகம் நித்திரைக்கு நல்லம்." "இதிலை வாற மாமியாரை எழுதினவர் என்ரை மாமியாரைக் கண்டிருக்கிறார்." நான் நெட்டை மனிதருக்கு டேனிஷில் சொல்வேன். அவர் ஆகா, ஆகா என்று தொடையில் அடிப்பார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் நூலகத்தில் கேக் வெட்டினார்கள். இந்த நாட்டில் கேக் வந்தால் ஒன்று யாரோ பிறந்திருப்பார்கள், இல்லையென்றால் யாரோ போகப்போகிறார்கள். பச்சைச் சைக்கிள்காரிக்கு யூலண்டில் ஒரு நூலகத்தில் பெரிய வேலை கிடைத்திருந்தது. வருசம் முடிய அவள் போகிறாள். நெட்டை மனிதர் எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். தான் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. கமராவை எடுத்துக்கொண்டு சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போனார்.

வருசம் முடிவதற்குள் இந்த மனிதர் வாயைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் அவள் பாலம் கடந்து போய்விடுவாள். எனக்கு அது முள்ளாகக் குத்தத் தொடங்கியது. அந்த வருசம் போகவிட்டது போதும் என்று பட்டது.

வியாழக்கிழமைகளில் எங்கள் மேசைக்கு இரண்டு பெண்கள் வருவார்கள். ஒருத்தி டோஸ்ட்ருப்காரி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பெந்தெகொஸ்தே சபை, ஸ்தோத்திரம் சொல்லாமல் பேச்சுத் தொடங்கமாட்டாள். மற்றவள் வன்னிக்காரி. அவள் ஆட்கள் எல்லாரும் கடைசிவரை அங்கே, சண்டைக்குள் இருந்தவர்கள். வைகாசிக்குப் பிறகு அவள் அதிகம் வாய் திறப்பதில்லை. வருவாள், ஒரு புத்தகத்தை விரிப்பாள், நேரமானால் போவாள்.

அந்த வியாழன் டோஸ்ட்ருப்காரி நெட்டை மனிதரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"ஸ்தோத்திரம் அக்கா. உங்கடை தம்பியாருக்கு அந்தப் பிள்ளையிலை ஒரு இது இருக்குப் போலை."

"ஓமடி. எனக்குச் சைக்கிள் படத்திலையே தெரியும்."

"அப்ப என்ன கோதாரிக்கு ரெண்டு பேரையும் அண்ணன் தங்கச்சி ஆக்கி வச்சிருக்கிறியள்? உலகம் முழுக்கப் பாக்கிற பக்கத்திலை?"

எனக்குத் தம்பி, எனக்குத் தங்கச்சி. அப்படியென்றால் அவர்கள் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

"அவை வெள்ளைக்காரர்," என்றேன் விட்டுக்கொடுக்காமல். "அவையளுக்கு என்ன முறையும் மண்ணும்?"

"அவையளுக்கு இல்லை. எங்களுக்கு இருக்குத்தானே. எனக்கு இப்ப அவரைப் பாக்க அந்தப் பிள்ளையின்ரை சொந்த அண்ணை மாதிரியே கிடக்கு. நான் எப்பிடி இந்தக் காரியத்துக்குச் செபம் பண்ணுறது?"

நியாயமான கேள்விதான். அன்று இரவு முறையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். தம்பியை மாற்றுவதா, தங்கச்சியை மாற்றுவதா? தம்பியைத் தம்பியாகவே விட்டு, அவளை என் மச்சாள் ஆக்கினால் சரி. என் புருசனின் தங்கச்சி என்றால் என் தம்பிக்கு அவள் கட்டுகிற முறை. என் புருசன் ஒரே பிள்ளை, அவருக்கு உடன்பிறந்த பெண்கள் இல்லை. ஆகவே அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. செத்துப்போன மனிதருக்கு ஒரு தங்கச்சியைக் கொடுப்பதில் யாருக்கும் நட்டம் இல்லை.

அடுத்த நாள் நான் தனியே போய்க் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். தங்கச்சியை அழித்தேன். மச்சாள் என்று எழுதினேன். உடனே கீழே ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதற்கு மேல் ஒரு சொல். எழுத்துக் கூட்டினேன். வோஃபோ. ஏன் என்று அர்த்தம். பாலர் பாடசாலையில் நாள் முழுக்கக் கேட்ட சொல். ஏன் கரட் தோடம்பழ நிறம், ஏன் உனக்கு நெற்றியில் பொட்டு, ஏன் மழை? ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டது கிடையாது. கொம்பியூட்டர் கேட்கிறது, சொல்லத்தானே வேண்டும்.

ஆறுதலாக எழுதினேன். "இவள் எனக்குத் தங்கச்சி இல்லை மச்சாள். தம்பிக்கு இவளிலை விருப்பம். இவள் தேத்தண்ணிக்குப் போனால் அவர் வெறுங் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலை போவார். வாய் திறக்கமாட்டார். வருசம் முடிய இவள் யூலண்டுக்குப் போறாள். அண்ணன் தங்கச்சி எண்டு கிடந்தால் காரியம் நடக்காது."

இது மற்றவர்கள் பார்க்கிற விசயம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் முட்டாள் இல்லை. அதனால்தான் பட்டனை ஒழுங்காகத் தேடினேன். பெட்டிக்குக் கீழே இருந்தது. கெம். அதுவும் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். பிள்ளைகள் சமையலறைக்குள் ஓடிவந்து என் சேலைக்குப் பின்னால் நின்று, கெம் மை, கெம் மை என்று கத்துவார்கள். என்னை ஒளித்து வை என்று அர்த்தம். எத்தனை பிள்ளைகளை என் சேலைக்குள் ஒளித்திருப்பேன்! ஆகவே, ஒளித்து வை என்று சொல்லி கெம் பட்டனைத் தட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்தது டேனிஷ்காரரின் பிழை. கெம் என்றால் ஒளித்து வை என்றும் அர்த்தம், பத்திரப்படுத்து என்றும் அர்த்தம். அந்த விக்கியில் பத்திரப்படுத்தினால் உலகத்துக்குத் தெரியும். பட்டனில் இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டாமா?

விடிய டோஸ்ட்ருப்காரி போன் எடுத்தாள். விசில் அடிக்கிற மாதிரி ஒரு மூச்சுத்தான் கேட்டது.

"என்னடி, நெஞ்சு வருத்தமோ?"

"வெறுங் கோப்பை..." என்றாள். மறுபடி மூச்சு. "அக்கா, வெறுங் கோப்பையைத் தூக்கிக்கொண்டு... ஸ்தோத்திரம், எனக்கு வயிறு நோகுது..."

"நீ எங்கை கண்டனி? நான் அதை ஒளிச்சனான்!"

"ஒளிச்சனியளோ? யூலண்டிலை இருந்து என்ரை மச்சாள் வாசிச்சுப்போட்டு எனக்குச் சொல்லுறாள்!"

அந்த மச்சாள் தன் சபைக்குச் சொன்னாள், சபை கோயில்காரருக்குச் சொன்னது. வியாழக்கிழமை நான் நூலகத்துக்குப் போனபோது பக்கம் நிரம்பி வழிந்தது. என் வேகத்தில் வாசித்தால் தைப்பொங்கல் வந்துவிடும். வன்னிக்காரிதான் பக்கத்தில் இருந்தாள். பேசாமல் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு வாசிக்கத் தொடங்கினாள்.

"இந்தப் புத்தகம் கதை நல்லம், முடிவு சரியில்லை. மாப்பிள்ளை கதைச்சிட்டாரோ?"

"சமையல் புத்தகம் பொய்தான், நானும் செய்து பாத்தனான். பிள்ளை எங்கடை பக்கம் வாறாவாம், குறையில்லாமல் பாப்பம். ஆனால் தனிய விடாதையுங்கோ."

"ஆள் குடிக்கிறவரோ?"

"டென்மார்க்கிலை குடிக்காத ஆம்பிளையை எங்கை போய்த் தேடுறது? சைக்கிள் ஓடுறவர் எண்டால் வருத்தம் வராது, கட்டி வையுங்கோ."

இந்த இடத்தில் வன்னிக்காரி இருமினாள். இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, மூக்கால் ஒரு சத்தம் வருகிறது. சிரிக்கிறாள். நான் அவளைப் பார்க்க, அவள் என்னைப் பார்க்க, எனக்கும் பிடித்துக்கொண்டது. நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், அதற்கு நேர் கீழே இருந்து இரண்டு பேரும் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தோம். அந்த வருசத்தில் அதுவரை நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை. சிரிக்கலாமா என்று யாரிடமும் கேட்கவும் இல்லை.

சத்தம் கேட்டு நெட்டை மனிதர் ஓடிவந்தார்.

"ஆகா! பாத்தியளோ எங்கடை பக்கத்தை? வேறை ஒரு நூலகத்திலையும் இப்பிடி ஆக்கள் எழுதேல்லையாம்! என்ன எழுதியிருக்கினம்?"

"புத்தகம்," என்றேன். "எல்லாம் புத்தகத்தைப் பற்றித்தான்."

"எங்கடை தலைவிக்குச் சரியான சந்தோசம். கோப்பன்ஹேகனிலை பெரிய கூட்டம் நடக்கப்போகுது. எல்லா நூலகத்து ஆக்களும் வருவினம். நாங்கள் மூண்டு பேரும் மேடையிலை ஏறி இந்தப் பக்கத்தைப் பெரிய திரையிலை காட்டவேணுமாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடிச்சிருக்கினம். அவர் ஒரு வரி விடாமல் டேனிஷிலை வாசிப்பாராம்!"

வன்னிக்காரி புத்தகத்தை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"தம்பி," என்றேன் மெல்ல, "எழுதினதிலை கொஞ்சத்தை அழிக்கலாமோ?"

"அழிக்கலாம். ஆனால் பழசு போகாது. அடியிலை அப்படியே கிடக்கும், ஆரும் எடுத்துப் பாக்கலாம். அதுதான் விக்கியின்ரை அழகு!"

அவருக்கு எல்லாம் அழகாக இருந்தது. பாவம், கருவியைக் கண்டு நடுங்கிய மனிதரை நான்தான் இப்படி ஆக்கிவிட்டேன். இப்போது என் முன்னால் ஒரு வேலைதான் இருந்தது. அந்த மண்டபம் அறிவதற்கு முன்னால் அவள் காதில் அவர் வாயால் விழ வேண்டும். திரையில் கண்டால் அவர் வெட்கத்தில் நிலத்துக்குள் போய்விடுவார், அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

கூட்டத்துக்கு முந்திய கிழமை என் தங்கச்சி போன் எடுத்தாள். அவள் குரலையே கேட்டேன். வெளியே விட்டுவிட்டார்கள், யாழ்ப்பாணத்தில் ஒன்றுவிட்ட அண்ணை வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள், குளித்துவிட்டுக் கதைக்கிறாள். நான் அழுதேன், அவளும் அழுதாள், பிறகு காசு போகிறது என்று இரண்டு பேரும் அவசரமாகக் கதைத்தோம். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாள். வேறு என்ன சொல்வது, நூலகத்துக் கதையைச் சொன்னேன்.

"அக்கா," என்றாள் அவள். குரலில் பழைய சண்டைக்காரி வந்துவிட்டாள். "அவளை ஏன் தங்கச்சி எண்டனி? நான் ஒருத்தி காணாதே உனக்கு?"

"அதுதான் மாத்திப்போட்டன் எண்டு சொல்லுறனே!"

"மாத்தி எழுதி என்ன? வாயாலை கேளன். உனக்கு வாயில்லையே?"

எனக்கு வாயில்லையா என்று கேட்டது என் வாழ்க்கையில் அவள் ஒருத்திதான்.

கூட்டத்து நாள் காலையில் தலைவி காரில் முன்னால் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் இஷொய் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், நான் எதிரே, காஞ்சிபுரச் சேலையும் அதன் மேல் குளிர்க் கோட்டும். பெரியவர்களின் டேனிஷில் ஒரு பேச்சை இரவு முழுக்க நினைத்து வைத்திருந்தேன். மரியாதையான பேச்சு. ரயில் அசைந்ததும் எல்லாம் போய்விட்டது. என்னுடைய டேனிஷ்தான் மிஞ்சியது. பாலர் பாடசாலையில் ஒரு பையனும் பெண்ணும் ஒரே ஊஞ்சலில் இருந்தால் மற்றப் பிள்ளைகள் வந்து நேரே நின்று கேட்பார்கள். அதையே கேட்டேன்.

"ஏர் ஈ கேரெஸ்தெர்?"

நீங்கள் இரண்டு பேரும் காதலர்களா என்று அர்த்தம். குழந்தைச் சத்தத்தில், பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக் கிழவர் பேப்பரைக் கீழே இறக்கினார்.

நெட்டை மனிதர் சிவக்கவில்லை, வெளுத்தார். "இல்லை... நாங்கள்... ஒண்டா வேலை செய்யிற ஆக்கள்," என்றார்.

பச்சைச் சைக்கிள்காரி யன்னல் பக்கம் திரும்பினாள்.

இனி என்ன மறைப்பு? எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி, தங்கச்சி, மச்சாள், வெறுங் கோப்பை, குடிக்கிறவரோ என்று கேட்ட யூலண்ட் பெண்கள், எல்லாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது பெரிய திரையில் வரும் என்றும் சொன்னேன்.

"பெரிய திரையிலையோ?" என்றார் அவர்.

"ஓம். ஒரு வரி விடாமல்."

அப்போது பச்சைச் சைக்கிள்காரி திரும்பினாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் முகம் வீங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும், ஆகா. நான் வியாழக்கிழமை உங்கடை கூட்டாளியிட்டைக் கேட்டனான், என்ன இப்பிடிச் சிரிக்கிறியள் எண்டு. அவ வாசிச்சுக் காட்டினா. எல்லாத்தையும்."

"பிறகு ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"எழுதினது நீங்கள். இவர் இல்லையே," என்றாள். அவரை நேரே பார்த்தாள். "இவர் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். யூலண்டுக்குப் போற நாள் வரைக்கும் பாப்பம் எண்டு இருந்தனான்."

நெட்டை மனிதர் வாயைத் திறந்தார்.

"கோப்பை," என்றார், "எப்பவும் வெறுங் கோப்பை இல்லை."

அந்த ஒரு வசனத்தோடு மடை உடைந்தது. அந்த மனிதருக்குள் அவ்வளவு பேச்சு கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? அவள் முதல் நாள் போட்டு வந்த தொப்பியின் நிறம், எந்தப் புத்தகத்தை எந்தத் தட்டில் அடுக்கினாள், அவள் சைக்கிள் சங்கிலிக்கு யாரும் காணாமல் எண்ணெய் விட்டது, கேக் வெட்டிய அன்று தான் ஏன் ஒரு துண்டும் தின்னவில்லை. சொல்லிக்கொண்டே போனார். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குப் பாதிதான் விளங்கியது, பெரியவர்களின் டேனிஷ். ஆனால் கிழவருக்கு எல்லாம் விளங்கியது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இருந்தார்.

நாங்களும்தான். கோப்பன்ஹேகன் பெரிய ஸ்டேஷன் வந்தது, போனது. அடுத்ததும் போனது. நான் கண்டேன். வாய் திறக்கவில்லை. தலைவியின் போன் பச்சைச் சைக்கிள்காரியின் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்து, "நாங்கள் ஒரு பிழையைத் திருத்திக்கொண்டிருக்கிறம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மண்டபத்தில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டோம். மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர். திரையைப் பார்த்தாராம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம், பிறகு வாசித்தாராம். "இங்கே வாசகர்கள் குடும்ப உறவுகள் குறித்து விரிவாகக் கருத்துப் பரிமாறியிருக்கிறார்கள்." எல்லாரும் கை தட்டினார்களாம்.

ரயில் பாதை முடிகிற ஹில்லரோட் ஸ்டேஷனில் எங்களை இறக்கிவிட்டார்கள். காற்று என் சேலையைத் தூக்கியது. நெட்டை மனிதர் ரயில் மேடையில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கடை யூலண்ட் நூலகத்திலை இன்னொரு ஆளுக்கு வேலை இருக்குமோ?" என்று அவளைக் கேட்டார்.

"போன கிழமையே கேட்டுப் பாத்தனான்," என்றாள் அவள். "இருக்காம்."

ஒரே ரயில் பயணத்தில் என் நூலகத்து ஆட்கள் இரண்டு பேரும் என் கையை விட்டுப் போனார்கள். இனி யார் எனக்கு ஆகா சொல்வது? ஆனாலும் ஒரு தம்பிக்கும் ஒரு மச்சாளுக்கும் முறைப்படி காரியம் பார்த்துக் கொடுத்தவள் நான். கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் நான் நிற்பதை மறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் மறுபக்கம் திரும்பினேன். அந்தப் பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு குப்பைத் தொட்டியைத் தவிர. அதையே வெகு நேரம் வடிவாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.